உரோம அரங்கப் போர்ச் சித்திரங்களும் அவற்றின் நகலோவியங்களும்

பண்டை மக்களின் வாழ்க்கையை அறிதற்கு நூல்கள் ஒருவகைச் சான்று. அவர் விட்டுச்சென்ற பொருள்கள் மற்றொருவகைச் சான்று. இவ்விரண்டிற்கும் இடையே, இரண்டின் தன்மையும் சிறிது சிறிதுடையதாய் மூன்றாவது சான்றொன்றும் உண்டு. பழம்பொருளை நேரிற் கண்ட ஒருவர் அதனைத் தாளிற் பெயர்த்து வரைந்துவைத்த நகலோவியமே அது. ஒளிப்படக் கலை தோன்றுவதற்கு முன்னர், நிலத்தினின்றும் வெளிப்பட்ட ஒரு பழம்பொருளை ஏனைய நாட்டறிஞர்க்குக் காட்டுதற்கு இதனையன்றி வேறு வழி இருந்ததில்லை. பின்னர் அப்பொருள்களிற் பல சிதைந்தன. சில அடியோடு மறைந்தன. தாள் மாத்திரம் எஞ்சியது. அவ்வாறு எஞ்சிய தாளில் நாம் காண்பது பழம்பொருளையா, அன்றி அதனைக் கண்ட ஓவியனின் கருத்தையா என்பது வரலாறு கற்போர் எவரும் கேட்கவேண்டிய வினாவாகும். உரோமரின் கிளாடியேற்றர் போர்களைக் காட்டும் தரைச் சித்திரங்கள் சிலவற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொசைக் என வழங்கும் பதிகற் சித்திரம், பல நிறக் கற்களையும் ஓட்டையும் கண்ணாடியையும் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஈரச் சாந்தின்மேல் ஒன்றோடொன்று நெருங்கப் பதித்து ஆக்கப்படுவது. உரோமப் பேரரசில் வாழ்ந்த செல்வர் தம் இல்லத்துத் தரையை இவ்வகைச் சித்திரங்களால் அணிசெய்தனர். தெய்வக் கதைகள், கடல்வாழ் உயிர்கள், வேட்டைக் காட்சிகள் என்பனவற்றோடு கிளாடியேற்றர் போரும் அத்தரைகளில் இடம்பெற்றது. கிளாடியேற்றர் என்போர் மக்கள் கூட்டத்தின் முன்னே படைக்கலம் ஏந்திப் பொருத அரங்க வீரர். அவருட் பலர் அடிமைகள். போர்க் கைதிகளும் தண்டனை பெற்றோரும் உளர். பொருள் வேண்டித் தாமே ஒப்பந்தஞ் செய்து புகுந்தோரும் உளர். இப்போர்களுக்குப் பொருள் கொடுத்து நடத்துவித்தல் ஒரு நகரத்துப் பெருமகனுக்குப் புகழ் தரும் செயலாகக் கருதப்பட்டது. விழா ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். செலவிட்டவனோ அதன் நினைவு நிலைக்க வேண்டுமென விரும்பினான். பொருதவரின் பெயர்களும் போரின் முடிவும் எழுத்தாற் பொறிக்கப்பட்ட தரைகள் சில கிடைத்திருப்பதற்கு இவ்விருப்பமும் ஒரு காரணமாகலாம். குருதி சிந்தும் மனிதரின் உருவங்களின் மேல் நடந்தும் விருந்துண்டும் ஒரு சமுதாயம் மகிழ்ந்தது என்பதை இன்று நாம் எளிதில் உளங்கொள்ள இயலாது.

அரங்க வீரர் பல வகையினர். அவருள் இருவகையினரை மாத்திரம் இங்கு அறிந்துகொண்டாற் போதும். முதலாமவன் இரெற்றியாரியஸ், இவனை வலைவீரன் எனலாம். வலையும் முத்தலை வேலும் குறுவாளும் இவன் படைகள். தலைக்கவசமும் கேடயமும் இவனுக்கு இல்லை; இடத்தோளின் மேல் உயர்ந்துநிற்கும் உலோகத் தகடொன்றே காப்பு. மற்றவன் செக்கூற்றர்; இலத்தீன் மொழியில் இப்பெயர்க்குப் பின்தொடர்வோன் என்பது பொருள். பெருங் கேடயமும் குறுகிய வாளும் ஏந்தி, வலைவீரனை நெருங்கிச் சென்று தாக்குவது இவன் முறை. இவனது தலைக்கவசம் முட்டைபோல் உருண்டு வழவழப்பாய், இரு சிறு கண்துளைகளோடு அமைந்தது. வலை சிக்குதற்கேற்ற விளிம்போ அணிகளோ அதில் இல்லாமையும், வேலின் முனை புகாவண்ணம் துளைகள் சிறியனவாக இருந்தமையும் கருதத்தக்கன. கவசத்தின் வடிவம் அழகுக்காக அமைந்ததன்று. எதிரியின் படைக்கலத்தை நோக்கி அமைந்தது.

இனி, மத்ரித் நகரிலுள்ள தேசிய தொல்பொருள் நூதனசாலையிற் காணப்படும் இரு பதிகற் சித்திரங்களை நோக்குவோம். இவை உரோம் நகரிற் கிடைத்து, பிற்காலத்து ஸ்பானிய நாடு சென்றவை. கி.பி. 3ஆம் நூற்றாண்டளவில் ஆக்கப்பட்டவை எனக் கருதப்படுகின்றன. ஒவ்வொன்றும் மேலுங் கீழுமாக இரு காட்சிகளை உடையது. கீழ்க்காட்சி போரின் முற்பகுதி. மேற்காட்சி அதன் முடிவு. எனவே, நாம் நூலைப் படிப்பது போலன்றி, கீழிருந்து மேல்நோக்கி இவற்றைப் படித்தல் வேண்டும்.

முதற் சித்திரத்தில் வலைவீரன் கலெண்டியோவும் அவனை எதிர்த்த அஸ்தியானக்ஸும் காணப்படுகின்றனர். கீழ்க்காட்சியிற் கலெண்டியோ வீசிய வலை அஸ்தியானக்ஸின் உடல்மேற் கவிந்து கிடக்கின்றது. கலெண்டியோ முத்தலை வேலுடன் அவனைத் தாக்க முற்படுகின்றான். இதனை மாத்திரம் கண்டவர் போர் முடிந்தது, வலைவீரன் வென்றான் என்றே கூறுவர். ஆனால் மேற்காட்சியில் நிலைமை முற்றாக மாறிவிடுகின்றது. கலெண்டியோ காயமுற்று நிலத்தில் வீழ்ந்து, தன் குறுவாளை உயர்த்தித் தோல்வியை ஒப்புகின்றான். அஸ்தியானக்ஸ் வென்றான் என அங்கே எழுதப்பட்டுள்ளது. கலெண்டியோவின் பெயரை அடுத்து ஒரு சிறு குறி உளது: ஒரு வட்டம், அதனை ஊடறுக்கும் ஒரு கோடு.

இக்குறி அவன் இறந்தான் என்பதைக் காட்டும். கிரேக்க மொழியிற் சாவைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தாகிய தீற்றாவே இஃது என்பர் ஒரு சாரார்; இறந்தான் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தாகிய ஓவைக் கோடிட்டுக் காட்டியது என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும் பொருள் ஒன்றே. தோல்வியை ஒப்பியவனை உயிரோடு விடுவதும் உண்டு, கொல்லுவிப்பதும் உண்டு. அம்முடிவு போரை நடத்துவித்தவன் கையில் இருந்தது. அவன் என்ன முடிவு செய்தான் என்பதை ஓவியத்தின் உருவங்கள் சொல்லவில்லை. வாளை உயர்த்திக் கிடக்கும் மனிதனின் உருவம் இருவகை முடிவுக்கும் பொருந்தும். கோடிட்ட வட்டம் ஒன்றே கலெண்டியோவின் விதியை நமக்குச் சொல்லுகின்றது. நகல் எடுப்போன் ஒருவன் அதனை அணிவேலை என்றெண்ணி விட்டுவிட்டாலும், கோட்டைக் காணாது வெறும் எழுத்தாக வரைந்துவிட்டாலும், ஒரு மனிதனின் சாவு வரலாற்றினின்றும் நீங்கிவிடும். நகலோவியத்தின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு யான் அறியேன்.

இரண்டாவது சித்திரம் இன்னும் நுட்பமானது. சிம்மாக்கியஸ், மத்தேர்னஸ் என்னும் பெயர்கள் அதில் உள. கீழே இருவரும் பொருகின்றனர். இவர் பொருதுகொண்டிருக்கையிற் சிம்மாக்கியஸ் வாளைச் செலுத்தினான் என்னும் கருத்துடைய தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. மேலே மத்தேர்னஸ் வீழ்ந்து கிடக்கின்றான். அவன் பெயர்க்கு அருகிலும் அதே வட்டக் குறி. அதனோடு, கொல்லுகிறேன் எனப் பொருள்படும் ஒரு சொல்லும், இவற்றை நாம் காண்கின்றோம் என்னும் தொடரும், சிம்மாக்கியஸ் பேறுடையவன் என வாழ்த்தும் தொடரும் உள. இவை யார் வாயிலிருந்து எழுந்தவை? கொல்லுகிறேன் என்றது வென்றவனா, போரை நடத்துவித்தவனா? காண்கின்றோம் என்பது கூட்டத்தினரின் குரலா? சிம்மாக்கியஸ் என்பவனே போர் வீரன் என்பாரும், அவன் விழாவுக்குப் பொருள் செலவிட்ட தலைவன் என்பாரும் அறிஞருள் உளர். ஒரு தொடர் எவ்வுருவத்திற்கு அண்மையில் நிற்கின்றது என்பதைப் பொறுத்தே இவ்வாதம் நடைபெறுகின்றது. ஆகவே எழுத்துக்களைச் சரியாகப் பெயர்த்தாற் போதாது. அவை நின்ற இடமும் நகலில் மாறாதிருத்தல் வேண்டும்.

இத்தகைய பொருள்களை வரைந்து தொகுக்கும் முயற்சி 17ஆம் நூற்றாண்டின் உரோம் நகரிற் பெரிதும் ஓங்கியது. அதிற் தலைசிறந்தவர் கசியானோ தல் பொத்சோ (1588–1657). கர்தினால் பிரான்செஸ்கோ பர்பெரினியின் செயலாளராக விளங்கிய இவர், பழைய சிற்பங்கள், கட்டடங்கள், ஓவியங்கள், பதிகற் சித்திரங்கள் என்பனவற்றோடு செடிகொடிகளையும் பறவைகளையும் கனிப்பொருள்களையும்கூட ஓவியர் பலரைக் கொண்டு வரைவித்து, தம் தொகுதிக்குக் காகித நூதனசாலை என்று பெயரிட்டார். அவர்தம் சகோதரர் அப்பணியைத் தொடர்ந்தார். கிளாடியேற்றர் போரைக் காட்டும் பதிகற் சித்திரங்களின் நகல்களும் இத்தொகுதியில் இடம்பெற்றன. 1762இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜ், கர்தினால் அலெசாந்திரோ அல்பானியிடமிருந்து இத்தொகுதியின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கினார். வின்சர் மாளிகையில் அவை இன்றும் பேணப்படுகின்றன.

கசியானோவின் தாள்கள் எத்துணைப் பயனுடையன என்பதை நைல் நதிக் காட்சியைக் கொண்ட பலஸ்திரீனாப் பதிகற் சித்திரம் காட்டும். அது போர்ச் சித்திரமன்று. ஆயினும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1620களில் அது பகுதி பகுதியாகப் பெயர்க்கப்பட்டு உரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1640இல் மீண்டும் பலஸ்திரீனாவுக்கு எடுத்துச் செல்லுகையிற் பெருஞ் சேதமுற்றது, பின்னர்த் திருத்தியமைக்கப்பட்டது. சேதமுறுமுன் எடுக்கப்பட்ட வண்ண நகல்கள் கசியானோவின் தொகுதியில் இருந்தன. அவற்றைப் பற்றிய ஆய்வு 1976இல் வெளிவந்த பின்னர், இன்று காணப்படும் தரையில் எது பழையது, எது பின்னர் இட்டது என்பதைப் பகுத்தறிதல் பெரிதும் எளிதாயிற்று. நகல், மூலத்திற்கே சாட்சி கூறும் நிலை இதுவாகும்.

ஆயினும் எல்லா நகலும் இத்தகுதி உடையனவல்ல. ஓவியன் அறிந்தது எது, அறியாதது எது என்பதை நாம் கேட்டல் வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவர் அரங்க வீரரைப் பற்றி அறியவேண்டுமாயின், ஜஸ்தஸ் லிப்சியஸ் 1582இல் வெளியிட்ட இலத்தீன் நூல் போன்றவற்றையே நாடவேண்டும். அந்நூல் பழைய ஆசிரியர் கூற்றுக்களை அரிதின் முயன்று திரட்டியது. ஆனால் உண்மையான கவசம் ஒன்றையும் லிப்சியஸ் கண்டு ஒப்புநோக்கியிருத்தல் அரிது. பொம்பேயி நகரில் அரங்க வீரர் தங்கியிருந்த கட்டடம் 1766ஆம் ஆண்டளவில் அகழப்பட்ட பின்னரே அவர் அணிந்த வெண்கலத் தலைக்கவசங்கள் பலவாக வெளிவந்தன. அதற்கு முன்னர், உருண்டையான ஒரு கவசத்தைக் கற்பதிவிற் கண்ட ஓவியனுக்கு, அஃது இன்னதென விளங்கியிராது. நம்மவர் ஏடு பெயர்த்தெழுதிய வரலாற்றை அறிந்தோர்க்கு இந்நிலை புதிதன்று. பொருள் விளங்காவிடினும் கண்டவாறே எழுதுவோன் ஒருவன். விளங்காத சொல்லைத் தனக்கு விளங்கிய சொல்லாக மாற்றி எழுதுவோன் மற்றொருவன். பின்னவனே கற்றவன் எனப்படுவான். ஆயினும் முன்னவன் ஏடே ஆராய்ச்சிக்கு உதவும். ஓவிய நகலிலும் இவ்வாறே. கற்களின் எல்லைகளை விட்டு, சிதைந்த பகுதிகளை நிரப்பி, உருவத்தின் தசைகளைத் தம் காலத்து முறைப்படி திருத்தி அழகுபெற வரையப்பட்ட தாள்களிலும், உடைந்த இடத்தை உடைந்தவாறே வெறுமையாக விட்ட தாளே நம்பத்தக்கது.

தனித்தனி நகல் பிழைபடாதிருந்தாலும், நகலுக்கு நகல் எடுக்கையிற் பொருள் திரிதலும் உண்டு. இதற்குக் கலெண்டியோவே சான்று. யேர்மனிய அறிஞர் வின்கல்மன் 1767இல் உரோமில் வெளியிட்ட பழம்பொருள் நூலின் 197ஆம் படத்தில், வலைவீசப்பட்ட அப்போர்க்காட்சி செப்புத்தகட்டு அச்சாக இடம்பெற்றது. அப்படத்தினின்றும், 1842இல் முதன்முறை வெளிவந்து பலமுறை பதிக்கப்பெற்ற வில்லியம் சிமித்தின் கிரேக்க உரோமப் பழம்பொருளகராதிக்கு மரச்செதுக்குப் படம் ஒன்று எடுக்கப்பட்டது. இலத்தீன் கற்ற மாணவர் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட அகராதி அது. அதிலுள்ள விளக்கம் கூறுவது யாது? வலைவீரன் எதிரியின் தலைமேல் வலையை வீசிவிட்டான். இனி முத்தலை வேலாற் குத்தப் போகின்றான். அவன் பின்னே வீரரைப் பயிற்றும் ஆசான் நிற்கின்றான் என்பதே. அவ்வளவில் விளக்கம் முடிகின்றது. மேற்காட்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க. அகராதியைப் படித்த மாணவன் மனத்திற் கலெண்டியோ வெல்லும் நிலையில் நிற்கின்றான். மூலத்திலோ அவன் தோற்று, வட்டக் குறி பெற்று, இறந்துபோனான். எவரும் பொய் கூறவில்லை. வரைந்த கோடு எதுவும் பிழையன்று. கதையின் பிற்பகுதி விடுபட்டமையாற் தோற்றவன் வென்றவனானான். இன்னும் ஒன்று: அகராதி வலைவீரனின் எதிரியை மிர்மில்லோ என்னும் வேறொரு வகையினனாகக் குறித்தது. உருண்ட கவசத்தைக் கொண்டு அவனைச் செக்கூற்றர் என இன்று ஆராய்ச்சியாளர் கொள்வர். பின்னே நிற்பவனும் ஆசானல்லன்; கோலேந்திப் போரைக் கண்காணிக்கும் நடுவன் எனக் கருதப்படுகின்றான். ஒரு சிறு படத்தில் மூன்று உருவங்கள். மூன்றைப் பற்றியும் நாம் இன்று கொள்ளும் கருத்து வேறு.

மூலமும் நகலும் ஒருங்கே எஞ்சியுள்ள இடங்களில் நாம் ஓவியரைச் சோதித்தறியலாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள பிக்னர் என்னும் ஊரில் 1811இல் உழவர் ஒருவரின் கலப்பை கல்லில் முட்ட, பெரிய உரோம இல்லமொன்று வெளிப்பட்டது. அதனை ஆராய்ந்து வெளியிட்டவர் சாமுவேல் லைசன்ஸ். இவர் இலண்டன் கோபுரத்துப் பழைய ஆவணங்களின் காப்பாளர். தாமே வரையவும் தகட்டிற் செதுக்கவும் வல்லவர். அங்கே வீனஸ் எனக் கொள்ளப்படும் தெய்வத் தலையின் கீழ் நீண்ட பட்டையொன்றில் அரங்கப் போர் காட்டப்பட்டுள்ளது. ஆனாற் பொருபவர் மனிதரல்லர். சிறகு முளைத்த சிறு குழந்தைகள். வலைவீரனுக்குரிய முத்தலை வேலும், எதிரிக்குரிய கேடயமும் கவசமும் அவர்க்கு உரிய முறையில் அமைந்துள்ளன. கொலைத் தொழிலைக் குழந்தை விளையாட்டாக்கிய அந்த உரோமச் சுவையை நாம் பாராட்டுதல் அரிது. லைசன்ஸ் வெளியிட்ட வண்ணப் படங்களையும் இன்றும் அவ்விடத்திலே உள்ள தரையையும் ஒருவர் அருகருகே வைத்து ஒப்பிடலாம்.

யேர்மனியின் நென்னிக் ஊரிலும் இவ்வாறே. 1852இல் ஒரு குடியானவர் குழி தோண்டுகையில் அது வெளிப்பட்டது. திரியர் நகரத்துத் தேவாலயக் குருவாகிய வில்மோவ்ஸ்கி அதனை ஆராய்ந்து 1860களில் வண்ணப் படங்களாக வெளியிட்டார். நடுவே வலைவீரனும் எதிரியும் நடுவனும். சூழ உள்ள எண்கோணப் பகுதிகளில் விலங்குப் போர்களும், நீரால் இயங்கும் இசைக்கருவியை வாசிப்போனும் கொம்பூதுவோனும் உளர். அரங்கில் இசையும் ஒலித்தது என்பதற்கு இது நல்ல சான்று. இதே நென்னிக்கில் 1866இற் சுவரில் வண்ணத்தால் எழுதிய உரோமக் கல்வெட்டுக்கள் கிடைத்ததாகச் சொல்லப்பட்டு, அவை போலி என மொம்சன் முதலிய பேரறிஞரால் மறுக்கப்பட்டமையும் நினைவிற்குரியது. உண்மையான தரையும் பொய்யான சுவரும் ஒரே இடத்தில் இருந்தன. தரையைக் காப்பாற்றியது அதனை எவரும் சென்று காணக்கூடியதாக இருந்தமையே.

மூலம் எஞ்சியதென்பதாலேயே ஐயம் தீர்ந்துவிடுவதுமில்லை. உரோமுக்கு அண்மையிலுள்ள தொறெநோவாவில் 1834இல் வெளிப்பட்ட பெருஞ் சித்திரம் இன்று பொர்கேசே மாளிகைக் கலைக்கூடத்தில் தரையாகப் பதிக்கப்பட்டுள்ளது. அதில் வீரர் பெயர்கள் பல; வட்டக் குறிகளும் பல. ஆயினும் அது 19ஆம் நூற்றாண்டிற் பெரிதும் பழுதுபார்க்கப்பட்டது. இங்கு மூலமே ஒருவகையில் நகலாகிவிட்டது எனலாம்.

இறுதியாக, மூலம் மறைந்த ஓரிடம். பிரான்சு நாட்டு ரெய்ம்ஸ் நகரின் உலாவுசாலைகளிடையே 1860இல் ஒரு பெரும் பதிகற் சித்திரம் அகழப்பட்டது. முப்பத்தைந்து கட்டங்கள், கட்டம் ஒன்றிற்கு ஓர் உருவமாக, அரங்க வீரரும் வேட்டை வீரரும் விலங்குகளும் தனித்தனியே நின்றனர். சார்ல் லொரிக்கே என்னும் அந்நகரத்து அறிஞர் அதனை ஆராய்ந்து, 1862இற் படங்களோடு நூலாக வெளியிட்டார். முதலாம் உலகப் போரில் ரெய்ம்ஸ் பல ஆண்டுகள் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 1917இல் அச்சித்திரம் அழிந்தது. 1957இற் பிரான்சு நாட்டுப் பதிகற் சித்திரங்களின் பெருந்தொகுதியை ஆன்றி ஸ்டேர்ன் வெளியிடத் தொடங்கியபோது, இச்சித்திரத்தை நேரிற் சென்று காண இயலாத நிலையே இருந்தது. அத்தரையில் இருவர் எதிரெதிரே நின்று பொருவதாகக் காட்டப்படவில்லை. ஒவ்வொருவனும் தன் கட்டத்துள் தனியே நிற்கின்றான். ஆதலால் யாருக்கு யார் எதிரி என்பதைப் படைக்கலத்தைக் கொண்டும், உருவம் எப்பக்கம் திரும்பி நிற்கின்றது என்பதைக் கொண்டும், கட்டங்கள் அடுத்தடுத்து அமைந்த முறையைக் கொண்டுமே துணிய வேண்டும். அம்முறையை முழுமையாகக் காட்டுவது இன்று லொரிக்கேயின் தாளே.